வெளிச்சுவர் கருத்துவிட்டது: கழுவினால் போதுமா, பெயிண்டே அடிக்க வேண்டுமா?

வடசேரி_வாசி

வீடு நாகர்கோவிலில். தரைத்தளமும் ஒரு மாடியும். கட்டியது 2012, வெளியே கடைசியாக எக்ஸ்டீரியர் எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் வெளிச்சுவர் பெயிண்ட்) அடித்தது 2019. இந்த ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து பார்த்தால் வடக்குச் சுவர் மேலிருந்து கீழ்வரை கருப்பு. கைப்பிடிச் சுவர் அதைவிட மோசம். கிழக்கில் சன்ஷேடு ஓரங்களிலிருந்து கோடு கோடாக இறங்கியிருக்கிறது. தெற்கும் மேற்கும் நிறம் கொஞ்சம் வெளுத்ததோடு சரி. பின்னால் கிணற்றை ஒட்டிய சுவரில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் என்னவோ படர்ந்திருக்கிறது. துருவா, செம்மண்ணா, தெரியவில்லை.

பெயிண்டர் வந்து பார்த்தார். "எல்லாம் போச்சு சார். சுரண்டி, பிரைமர் விட்டு, ரெண்டு கோட்டு போடணும். பொங்கலுக்குள்ள முடிச்சிரலாம்" என்கிறார். அவர் சொன்ன தொகையைக் கேட்டபிறகு வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. என் மைத்துனர் "முதல்ல கழுவிப் பாரும், பெயிண்ட் வேணுமா வேண்டாமான்னு அப்புறம் யோசிக்கலாம்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

சைட்_இன்ஜினியர்

மைத்துனர் பேச்சை. பாசியும் தூசியும் மேலே அப்பிக் கிடக்கும்போது அடியில் பெயிண்ட் எப்படி இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது, வந்து பார்த்த பெயிண்டருக்கும்தான். கழுவும் செலவு வீணாகவும் போகாது. பெயிண்ட் அடிப்பதென்று முடிவானாலும் முதல் வேலை அதுதானே.

ஆனால் எடுத்த எடுப்பில் வீடு முழுக்கத் தண்ணீர் அடிக்க வேண்டாம். முதலில் காய்ந்த சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேயுங்கள். கையில் மாவு மாதிரி பவுடர் ஒட்டினால் பெயிண்டின் பிசின் வெயிலில் செத்துவிட்டது, நிறப்பொடி மட்டும் மிச்சம். அந்தச் சுவரைக் கழுவினால் சுத்தமாகும், நிறம் இன்னும் வெளுக்கும், பெயிண்ட் தேவைப்படும். கையில் கருப்பு அழுக்கு மட்டும் வந்தால் நம்பிக்கை உண்டு.

அடுத்தது, பிளேடால் பெயிண்டில் ஒரு எக்ஸ் கீறி, அதன்மேல் நல்ல பிளாஸ்டிக் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று பிடுங்குங்கள். கீறல் ஓரத்தோடு பெயிண்டும் சேர்ந்து வந்தால் பிடிமானம் போய்விட்டது. இதை ஒரே இடத்தில் செய்து முடிவுக்கு வராதீர்கள். வடக்கில், தெற்கில், சன்ஷேடுக்கு அடியில், தரைக்கு மேல் ஓரடி உயரத்தில் என்று பார்த்தால் ஒரே வீட்டில் நாலு விதமாக விடை வரும். அப்படி வருவதுதான் இயல்பு.

எங்காவது வெள்ளையாகப் பூத்திருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் படவே கூடாது. அது உப்பு. காய்ந்த பிரஷால் தட்டி, உதிர்வதைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே போய், காய்ந்ததும் திரும்ப வெளியே பூக்கும்.

குளச்சல்_காத்து

வடக்குச் சுவர் மட்டும் ஏன் கருக்கிறது என்று நானும் ரொம்ப நாளாக யோசித்ததுண்டு. ஊர்ப்பக்கம் எந்த வீட்டைப் பார்த்தாலும் அப்படித்தான்.

சைட்_இன்ஜினியர்

சூரியன்தான் காரணம். நாகர்கோவில் இருப்பது 8 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரைதான் உச்சிப்பொழுதில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், மற்ற மாதமெல்லாம் தெற்கே. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர்வரை அந்தத் திசையிலிருந்தே சாரலை அடிக்கும். அதாவது வடக்குச் சுவர் நனைகிற காலமும் அதற்கு வெயில் இல்லாத காலமும் ஒன்று. காயாத சுவரில் பாசி பிடிக்காமல் என்ன செய்யும்? குமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் சேர்ந்துகொள்வதால் பாசிக்கு வருஷத்தில் இரண்டு போகம்.

ரோலர்_மேஸ்திரி

நானும் பெயிண்டர்தான், அதனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். கழுவும் வேலைக்கு யாரும் தனியாகக் கூலி தருவதில்லை. "பெயிண்ட் அடிக்கத்தானே கூப்பிட்டேன், தண்ணி அடிக்கவா கூப்பிட்டேன்?" என்று கேட்ட வீட்டுக்காரர்கள் உண்டு. சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசும்போது கழுவுவதும் காயவிடுவதும் எங்கள் கணக்கில் நஷ்டம். அதனால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு மேலே அடித்துவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். பாசி சாகாமல் மேலே அடித்த பெயிண்ட் அடுத்த மழைக்கே கருக்கும். அப்புறம் பழி கம்பெனி மேல், இல்லையென்றால் எங்கள் மேல்.

வடசேரி அண்ணாச்சி, கழுவுவதற்குத் தனி ரேட் பேசிப் பாருங்கள். நல்ல ஆளாக இருந்தால் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்.

அப்புறம் இந்தப் பொங்கல் அவசரம். தை பிறப்பதற்குள் வீடு புதுசாகத் தெரிய வேண்டும் என்பது சுண்ணாம்பு அடித்த காலத்துப் பழக்கம். சுண்ணாம்புக்கு ஈரச் சுவர் ஒத்துவரும். எமல்ஷனுக்கு ஆகாது. கார்த்திகை மழை குடித்த சுவரில் மார்கழிப் பனியில் எமல்ஷன் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழி தேடும், கொப்புளம் போடும். மார்கழியில் எங்களுக்கு வேலையும் நெருக்கடி, ஆளும் கிடைக்காது, கூலியும் ஏறும். மாசி, பங்குனிதான் வெளிச்சுவர் வேலைக்குச் சரியான காலம். தொழில் போனாலும் போகட்டும், சொல்லிவிட்டேன்.

நாலுமாடி_செயலாளர்

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? பிரஷர் வாஷர் வாடகைக்கு எடுத்தால் ஒரே பகலில் முடிந்தது. எங்கள் அடுக்குமாடியின் சுற்றுச்சுவரை அப்படித்தான் செய்தோம், பளிச்சென்று ஆனது.

சைட்_இன்ஜினியர்

சுற்றுச்சுவருக்கு உள்ளே யாரும் குடியிருப்பதில்லையே சார். வீட்டுச் சுவர் வேறு.

மாடித் தொட்டியிலிருந்து ஹோஸில் வரும் தண்ணீருக்கு ஒரு பார் அழுத்தம்கூட இருக்காது. பத்து மீட்டர் உயரம் இருந்தால்தான் ஒரு பார் கிடைக்கும். வாடகை மெஷின் 100 பாருக்கு மேல் தள்ளும். பூச்சு நன்றாக இருக்கும் இடத்தில் விசிறி போலத் தண்ணீர் விரியும் முனையைப் போட்டு, இரண்டடியாவது தள்ளி நின்று அடித்தால் பழுதில்லை. ஊசி மாதிரி ஒரே தாரையாக அடிக்கும் முனையைப் போட்டால் பெயிண்டோடு பூச்சும் பெயரும். மயிர்க்கோடு விரிசலுக்குள் அந்த வேகத்தில் தண்ணீர் போனால் உள்சுவரில் ஓதம் தெரியும். கீழே நின்று மேல்நோக்கி அடிப்பதும் கூடாது. சன்ஷேடு சேரும் இடம், ஜன்னல் சட்டத்தின் இடுக்கு எல்லாம் மேலிருந்து வரும் மழையை நினைத்துச் செய்தவை, கீழிருந்து வரும் தண்ணீரை அவை தடுக்காது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் எங்காவது இறக்கியிருந்தால் அதன் பக்கமே மெஷினைக் கொண்டுபோக வேண்டாம், நார் பறக்கும்.

காரைக்குடி_பெரியவீடு

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தை. பழைய செட்டிநாட்டு வீடுகளின் முட்டைப்பூச்சு, சுண்ணாம்புப் பூச்சுச் சுவர்களுக்கு இங்கே சொல்லும் எதுவும் பொருந்தாது. பிரஷர் மெஷின், ஆசிட் இரண்டும் அந்தச் சுவருக்கு எமன். ஈரத்துணி, மிருதுவான பிரஷ், அதற்குமேல் வேண்டாம். பழுது பார்ப்பதும் சுண்ணாம்பிலேயே. எமல்ஷன் அடித்து மூடினால் சுவர் மூச்சுவிட முடியாமல் உள்ளுக்குள் உளுத்துப்போகும்.

வடசேரி_வாசி

எல்லாருக்கும் நன்றி. காய்ந்த சுவரில் பார்த்தேன். தெற்கிலும் மேற்கிலும் கையில் கொஞ்சம் பவுடர் வருகிறது, டேப்பில் எதுவும் வரவில்லை. வடக்கில் கருப்புப் பொருக்கு மட்டும் வருகிறது, அடியில் பெயிண்ட் இருப்பது தெரிகிறது. கைப்பிடிச் சுவரில் டேப்போடு பெயிண்ட் பட்டையாக உரிந்து வந்தது. அந்த ஆரஞ்சு சமாச்சாரத்தை நகத்தால் சுரண்டினேன், பஞ்சு போல வருகிறது, துரு மாதிரி மணல்மணலாக இல்லை.

என்ன போட்டுக் கழுவுவது? கொத்தனார் ஒருவர் "டைல்ஸுக்கு ஊத்துற ஆசிட்ட தண்ணில கலந்து ஒரு இழுப்பு இழுத்தா போதும்" என்கிறார்.

கெமிஸ்ட்ரி_டீச்சர்

ஆசிட் கிட்டவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சிமென்ட் பூச்சில் பட்டால் நுரைத்துக்கொண்டு பொங்கும். அழுக்கு போகிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். கரைவது சுவர்.

உங்கள் ஆரஞ்சுக்காரர் ட்ரென்டிபோலியா என்கிற பாசி. இனத்தால் பச்சைப்பாசிதான். உடம்பில் கரோட்டின் நிறமி மிகுதி என்பதால் பச்சை வெளியே தெரிவதில்லை. கேரளத்திலும் குமரியிலும் சுவர்களில், மர அடிகளில் தாராளமாகப் பார்க்கலாம். வடக்குச் சுவர்க் கருப்பு பெரும்பாலும் நீலப்பச்சைப்பாசி. வெயில் சுடாமல் இருக்கக் கரும் நிறமியைப் போர்த்திக்கொள்ளும் ஜாதி. காய்ந்தால் கருப்பு, தண்ணீர் தெளித்தால் சற்று நேரத்தில் பச்சை காட்டும். கூடவே பூஞ்சையும் இருக்கலாம். உயிருள்ளதா வெறும் தூசியா என்று சந்தேகம் வந்தால் ஒரு சொட்டு பிளீச்சை அதன்மேல் விட்டுப் பாருங்கள். பாசியும் பூஞ்சையும் ஓரிரு நிமிஷத்தில் வெளுக்கும். புகைக்கரியும் தூசியும் அப்படியே இருக்கும்.

கடையில் கிடைக்கும் திரவ பிளீச், சோடியம் ஹைப்போகுளோரைட் 4, 5 சதவீதம் உள்ளது, ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர். பிளீச்சிங் பவுடர்தான் கையில் இருக்கிறதென்றால் பத்து லிட்டர் பக்கெட்டுக்கு சுமார் 330 கிராம். நல்ல பவுடரில் 30 சதவீத அளவுக்குக் குளோரின் இருக்கும், அந்தக் கணக்கில் ஒரு சதவீதக் கரைசல் வரும். மூக்கைத் துளைக்கும் வாடை இல்லாத பழைய பவுடரைத் தூர எறியுங்கள், அதில் சுண்ணாம்பு மட்டும்தான் மிச்சம் இருக்கும். கலக்கிச் சற்று நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்து எடுக்க வேண்டும். அடியில் நிற்கும் சுண்ணாம்பு சுவரில் ஏறினால் வெள்ளைத் திட்டாகும்.

இதில் ஆசிட், பாத்ரூம் கிளீனர், வினிகர் எதுவும் சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா உள்ள கண்ணாடி கிளீனரும் கூடாது. கொத்தனார் ஆசிட் ஊற்றிய பக்கெட்டை வாங்கி அப்படியே இதைக் கலக்காதீர்கள். கையுறை, கண்ணாடி, பழைய சட்டை. ஏணியில் நின்று தலைக்குமேல் தெளிக்கவே வேண்டாம், நீள்கோல் பிரஷ் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஜன்னல் கம்பிகளில் பழைய எனாமல் பெயிண்ட் இருந்தால் கழுவலாம், உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தூசி பறக்கத் தேய்க்காதீர்கள். பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் வீட்டுக் கம்பி 2012.

ரோலர்_மேஸ்திரி

டீச்சர் மருந்தைச் சொல்லிவிட்டார், செய்முறையை நான் சொல்கிறேன். முதலில் சுவரை ஒட்டிய செடிகளையும் மண்ணையும் வெறும் தண்ணீரில் நன்றாக நனைத்துவிடுங்கள். பிளீச் வழிந்து வந்தாலும் வேர் அதிகம் குடிக்காது. கிணற்றுக்கு மூடி போடுங்கள். மீட்டர் பெட்டி, காலிங் பெல், வெளியே மாட்டிய ஏசி, எல்லாவற்றுக்கும் பாலித்தீன் கட்டுங்கள். மெயினை அணைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

சுவரை லேசாக ஈரப்படுத்தி, கரைசலைக் கீழிருந்து மேலே பூசிக்கொண்டு போக வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் காய்ந்த அழுக்கின்மேல் மருந்து கோடு கோடாக வழிந்து அந்தத் தடம் கடைசிவரை போகாது. கால் மணி, இருபது நிமிஷம் ஊறட்டும், காயவிடக் கூடாது. அதனால் வெயில் ஏறும் முன் காலையில் அந்தந்தச் சுவருக்கு நிழல் இருக்கும்போது செய்யுங்கள். ஒரு ஆள் கைக்கு எட்டும் அகலத்தை எடுத்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். நைலான் பிரஷ் அல்லது தேங்காய்நார் பிரஷ் போதும். கம்பி பிரஷ் பெயிண்டைக் கீறும். அதன் துணுக்கு சுவரில் ஒட்டிக்கொண்டு பின்னால் துருப்புள்ளி வைக்கும். அலசுவது மட்டும் மேலிருந்து கீழே, தாராளமாக.

கம்பியிலிருந்து இறங்கிய துருக்கறை பிளீச்சுக்கு மசியாது. அதற்கு ஆக்சாலிக் ஆசிட் பவுடர் கொஞ்சம் கரைத்துக் கறைமேல் மட்டும் தொட்டு வைக்கலாம். ஆனால் பிளீச் வேலை முடிந்து, அலசி, சுவர் காய்ந்து, வேறொரு நாளில்.

குளச்சல்_காத்து

அலசும் தண்ணீரையும் பாருங்கள். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவினால் காய்ந்தபிறகு சுவரெல்லாம் வெள்ளைப் புள்ளி. கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வேண்டும். கடற்கரை வீடுகளுக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. உப்புக்காற்று படிந்த சுவரை வருஷம் ஒருமுறை வெறும் நல்ல தண்ணீரால் அலசிவிட்டாலே பெயிண்டுக்கு ஆயுள் கூடுகிறது.

சைட்_இன்ஜினியர்

கழுவிக்கொண்டிருக்கும்போதே ஒரு வேலை செய்யுங்கள். கறை எங்கே தொடங்குகிறது என்று கண்ணை மேலே ஓட்டிப் பாருங்கள். ஜன்னல் ஓரத்தில் இறங்கும் கோடு என்றால் சன்ஷேடின் அடியில், முனைக்கு ஓரிரு அங்குலம் உள்ளே, நீளவாக்கில் ஒரு காடி (சின்னப் பள்ளக்கோடு) இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். அந்தக் காடி இருந்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இல்லாவிட்டாலோ, பட்டி பார்த்து அடைத்துவிட்டாலோ, தண்ணீர் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவருக்கு வரும். கைப்பிடிச் சுவரின் தலை தட்டையாக இருந்தால் மொட்டைமாடிப் பக்கம் சாய்வாகப் பூசிவிடுங்கள், அழுக்குத் தண்ணீர் வெளிச்சுவரில் இறங்காது. ஏசி தண்ணீர்க் குழாய் சுவரிலேயே வடிகிறதா, டேங்க் நிரம்பி வழிந்து ஒரே இடத்தில் விழுகிறதா, இதையெல்லாம் சரிசெய்யாமல் எந்த பெயிண்ட் அடித்தாலும் அதே இடம் முதலில் கருக்கும். பாசி பிடிக்காமல் இருக்க எக்ஸ்டீரியர் பெயிண்டில் மருந்து கலந்துதான் விற்கிறார்கள். ஆனால் அந்த மருந்து மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துதான் வேலை செய்கிறது. தண்ணீர் ஓயாமல் ஓடும் இடத்தில் முதலில் தீர்ந்துபோவதும் அதனால்தான்.

வடசேரி_வாசி

மாசி பிறந்ததும் ஆள் வைத்துக் கழுவினோம், கூலி தனியாகத்தான் பேசினேன். வடக்குச் சுவரைப் பார்த்துவிட்டு எதிர் வீட்டுக்காரர் "என்ன பெயிண்ட் இது?" என்று கேட்டார். பழைய பெயிண்ட்தான். ஆனால் மாடி உயரத்தில் ஓர் ஆள் அகலத்துக்குக் கருப்பு போன இடத்தில் பெயிண்டும் போய்விட்டது, சாம்பல் நிறப் பூச்சு தெரிகிறது. அதற்கு நேர் மேலே டேங்க் வழியும் குழாய்! ஆரஞ்சு முழுக்கப் போய்விட்டது. கிழக்கில் கோடுகள் போயின, நிழல் மாதிரி லேசாகத் தெரிகிறது. சன்ஷேடு அடியில் காடி இருக்கிறது, பட்டியும் பெயிண்டுமாக அடைபட்டுக் கிடக்கிறது. தெற்கும் மேற்கும் சுத்தம், வெளுப்பு மட்டும். கைப்பிடிச் சுவர் தேறாது.

இப்போது வடக்கில் உரிந்த இடத்தையும் கைப்பிடிச் சுவரையும் மட்டும் அடித்தால் போதாதா?

நாலுமாடி_செயலாளர்

திட்டுத் திட்டாகத் தெரியுமே. ஒரேயடியாக நாலு பக்கமும் அடித்துவிடுங்கள், சாரம் கட்டும் செலவு ஒன்றுதானே.

ரோலர்_மேஸ்திரி

ஒன்றில்லை சார், சாரமும் பக்கக் கணக்குதான். தெற்கும் மேற்கும் இன்னும் ஒன்றிரண்டு வருஷம் ஓடும். வெளுப்பு கண்ணை உறுத்தினால் அடியுங்கள், சுவருக்கு இப்போது அவசியமில்லை. கையில் வரும் பவுடர் கூடிக்கொண்டே போனால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அண்ணாச்சி, உரிந்த இடத்தை மட்டும் ஒட்டுப் போடாதீர்கள். அதே நம்பர் கலர் வாங்கினாலும் 2019இல் அடித்தது இன்று அந்தக் கலர் இல்லை. வடக்குப் பக்கத்தை மூலையிலிருந்து மூலைவரை முழுசாக அடியுங்கள். மூலை திரும்பும் இடத்தில் வெளிச்சம் மாறுவதால் நிற வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கலர் கலக்கும் கடைக்குப் பழைய ஷேடு கார்டைக் கொண்டுபோக வேண்டாம். கைப்பிடிச் சுவரில் உரிந்த பெயிண்ட் பட்டை ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அதைப் பார்த்துக் கலக்கச் சொல்லலாம். இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 முதல் 60 சதுர அடி என்று கணக்கு வைத்தால் எவ்வளவு வாங்குவதென்று நீங்களே போட்டுவிடலாம். பூச்சு தெரியும் இடத்துக்கு மட்டும் முதலில் பிரைமர்.

அடிப்பதற்கு முந்தின நாள் ஒன்றரை அடிச் சதுர பாலித்தீனை நாலு ஓரமும் டேப் போட்டு வடக்குச் சுவரில் ஒட்டுங்கள். மறுநாள் காலையில் பிரிக்கும்போது உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை, ஆளை வரச் சொல்லாதீர்கள்.

வடசேரி_வாசி

சரி, அப்படியே செய்கிறேன். காடியை எதை வைத்துச் சுத்தம் செய்வது? கொத்தனார் கட்டிங் மெஷின் போடலாம் என்கிறார்.

சைட்_இன்ஜினியர்

மெஷின் வேண்டாம், உள்ளே கம்பி ரொம்பத் தூரத்தில் இருக்காது. பழைய ஸ்க்ரூடிரைவர் ஒன்றை வைத்து இழுத்தாலே பட்டி உதிரும். பெயிண்டரிடமும் சொல்லிவையுங்கள், திரும்ப அடைத்துவிடப் போகிறார்.